கவராயர் அளந்த கை

கடற்கரை ஊர் ஒன்றில், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையின் மாடியில், ஓர் ஓவியப் பள்ளி நடந்துவந்தது. பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீளமான ஓர் அறை, ஆறு சாய்வுப் பலகைகள், வரைவதற்காக ஆளை உட்கார வைக்க ஒரு முக்காலி. நடத்தியவர் பெயர் தணிகாசலம். படிக்க வந்தவர்கள் அவரை மாஸ்டர் என்றார்கள்.

மாஸ்டரின் மேசைமேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பென்சில்கள், ரப்பர், கரித்துண்டுகள் எல்லாம் அதற்குள்தான் குடியிருந்தன. அந்தக் குடும்பத்துக்குத் தலைவர், அளவெடுக்கும் கவராயர். பித்தளை உடம்பு. ஊசி முனையில் முடியும் இரண்டு கால்கள். அவர் கால்களை விரித்தால் அளவு, மடக்கினால் தீர்ப்பு.

"மனித உடம்பு ஏழரைத் தலை உயரம்," என்பார் கவராயர். "மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முகம். இரண்டு கண்களுக்கு நடுவே இன்னொரு கண் வைக்க இடம் வேண்டும். இதில் ஒரு நூல் இழை பிசகினாலும் அது மனிதன் இல்லை. பூச்சாண்டி."

அவர் சொன்னதை யாரும் மறுத்ததில்லை. கல்யாண மண்டபச் சுவரில் நிற்கும் லட்சுமி, மாவட்டத்தின் பாதி வீடுகளில் மாலை போட்டுத் தொங்கும் காலஞ்சென்றவர்கள், கடைக் காலண்டர்களின் முருகன்கள் எல்லாருமே அவருடைய கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தவர்கள்தான். மாஸ்டர் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, எதிரே இருப்பவரின் தலையைக் கவராயருக்குள் பிடிப்பார். பிறகு அந்த அளவைத் தாளில் இறக்குவார். அப்புறம்தான் பென்சில் நகரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காலியில் உட்கார நாகரத்தினம் என்றொரு பெண் வருவாள். மற்ற நாட்களில் கட்டட வேலையில் சித்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பதினாறு வயதிலிருந்து தலையிலும் தோளிலும் செங்கல்லும் ஜல்லியும் சுமந்ததில் வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. கழுத்து ஒரு பக்கம் சற்றே முன்னுக்கு வந்துவிட்டது. ஆடாமல் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார அவளால் முடிந்தது. "சும்மா உக்காரதுக்கு என்ன கஷ்டம் சார்? இதுதான் எனக்கு லீவு," என்பாள்.

அந்த இறங்கிய தோளைக் கவராயர் முதல் வாரமே கண்டுபிடித்தார். மாஸ்டர் சரிசெய்தார். படத்தில் மட்டும் நாகரத்தினத்துக்குத் தோள் நேராக நின்றது. இரண்டு வருடமாக அப்படித்தான்.

"மாடிப்படி ஏறி வரும்போது எப்படி வருகிறாள், தாளில் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள்," என்று கவராயர் பெட்டிக்குள் சொல்லிக்கொள்வார். "ஆண்டவன் விட்ட பிழையை நான் திருத்துகிறேன்." ரப்பர் பணிவாகத் தலையாட்டும். பெட்டியின் மூலையில் கிடக்கும் கரித்துண்டு மட்டும் எதுவும் சொல்லாது. அதை யாரும் கேட்பதும் இல்லை. மாஸ்டர் சென்னையில் படித்த காலத்தில் கரியைத்தான் கையில் எடுப்பாராம், வேகவேகமாக வரைவாராம் என்று பழைய பென்சில் ஒன்று சொல்லியிருந்தது. வயிற்றுப்பாடு வந்த பிறகு கரி மூலைக்குப் போய்விட்டது.

ஒரு புதன்கிழமை, ஊரின் மேற்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு திருமண மண்டபத்தின் சுவர் சரிந்து விழுந்தது. ஒரு பெண் செத்துப்போனாள். மருந்துக்கடை வாசலில் நான்கு நாளும் அதே பேச்சு. நாகரத்தினம் அங்கேதான் வேலை செய்கிறாள் என்பது மாஸ்டருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்திருந்தார். அன்றைக்குத் தேரோட்டம் என்பதால் படிக்கிறவர்களும் யாரும் வரவில்லை. அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று அவர் சாவியை எடுத்தபோது படியில் காலடி கேட்டது.

நாகரத்தினம் உள்ளே வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். ஆனால் காது மடலிலும் புருவத்திலும் சிமெண்டுத் தூசி இன்னும் போகாமல் வெளுத்துக் கிடந்தது.

"ஏம்மா, இன்னைக்கு எதுக்கு வந்த?" என்றார் மாஸ்டர். "உனக்கு அடிகிடி ஏதாவது..."

"எனக்கு ஒண்ணுமில்ல சார்."

"வீட்டுல படுத்து ரெஸ்ட் எடுக்கலாமே."

"படுத்தா முடியல சார். உக்காந்துக்கறேன்."

முக்காலியில் உட்கார்ந்தாள். இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். கண் எங்கேயும் பார்க்கவில்லை.

மாஸ்டர் வழக்கம்போலக் கவராயரை எடுத்தார். கையை நீட்டினார். ஒரு கண்ணை மூடினார். கவராயரும் கால்களை விரித்துத் தயாராக நின்றார். ஆனால் நாகரத்தினத்தின் தலை அவருக்குள் நிற்கவில்லை. மேலும் கீழும் ஆடியது. ஆடுவது அவள் தலை இல்லை, மாஸ்டரின் கை என்று கவராயருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

மாஸ்டர் கையை இறக்கினார். கவராயரைச் சாய்வுப் பலகையின் மேல்விளிம்பில் வைத்தார். பெட்டியில் விரல்கள் துழாவின. மூலையில் கிடந்த கரித்துண்டை எடுத்தார்.

'அளக்காமலா?' கவராயர் திடுக்கிட்டார்.

சரக் என்று ஒரு சத்தம். முதல் கோடு தாளின் மேல் மூலையிலிருந்து நடுவரை ஒரே இழுப்பில் இறங்கியது. அது கழுத்தா, தோளா, முதுகா என்றே கவராயருக்குத் தெரியவில்லை. மூன்றும்தான் என்பது அடுத்த கோடு வந்தபோது தெரிந்தது. மாஸ்டர் தாளைப் பார்க்கவே இல்லை. நாகரத்தினத்தைப் பார்த்துக்கொண்டே கையை ஓட்டினார். ஓரிடத்தில் அழுத்திய அழுத்தில் கரித்துண்டு இரண்டாக ஒடிந்து ஒரு பாதி தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட இல்லை. கையில் மிச்சமிருந்த பாதியைப் படுக்கப்போட்டுத் தேய்த்தார். தாள் கறுத்தது.

கால்மணி நேரம்தான் ஆகியிருக்கும். மாஸ்டர் நிறுத்தினார். இரண்டடி பின்னால் போய்த் தான் வரைந்ததைப் பார்த்தார். வேறு யாரோ வந்து வரைந்துவிட்டுப் போனதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். நெற்றியெல்லாம் கரி ஆயிற்று.

"டீ வாங்கிட்டு வர்றேன், இரு," என்று சொல்லி வேகமாகப் படியிறங்கிப் போனார்.

நாகரத்தினம் முக்காலியிலிருந்து எழுந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்து, சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கவராயர் பலகையின் விளிம்பிலிருந்து எட்டிக் கீழே பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தாளில் இருந்தது ஒரு பெண்தான். அதுவரை சரி. ஆனால் வலது தோள் மேடு சரிந்ததுபோலச் சரிந்து கிடந்தது. கழுத்து கொக்குக் கழுத்தாக நீண்டு முன்னால் தொங்கியது. முகத்தில் கண் இல்லை, வாய் இல்லை. நெற்றிக்கு ஒரு கோடு, தாடைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். கால்களைக் காணோம், முழங்காலோடு கோடு தேய்ந்து தாளிலேயே மறைந்துவிட்டது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. மடியில் மல்லாந்து கிடந்த அந்த இடது கை, முகத்தைவிடப் பெரிதாக, முறம்போல விரிந்து கிடந்தது.

"ஐயோ," என்றார் கவராயர். "மாஸ்டருக்கு மூளை கலங்கிவிட்டது."

பெட்டிக்குள்ளிருந்து ரப்பர் தலையை நீட்டியது. "என்னங்கய்யா ஆச்சு?"

"வந்து பார்! நீயே வந்து பார்!"

ரப்பர் உருண்டு வந்து பலகையின் அடிச்சட்டத்தில் ஏறிப் பார்த்தது. அதன் முகமும் வெளுத்தது. "கை கொஞ்சம்... தாராளமா இருக்குதுங்களே," என்றது.

"தாராளமா?" கவராயர் விளிம்பிலிருந்து குதித்து இறங்கினார். ஒரு காலை அந்தப் படத்தின் தாடையில் ஊன்றினார், இன்னொரு காலை நெற்றியில் வைத்தார். முகத்தின் அளவைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கைக்கு நடந்து போனார். மணிக்கட்டில் ஒரு கால். விரலை எட்டவில்லை. இன்னொரு எட்டு வைத்தார். பாதி எட்டுக்குப் பிறகுதான் விரல் நுனி வந்தது.

"ஒன்றரை முகம்," என்றார். "நாற்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. ஒன்றரை முகத்துக்கு ஒரு கை! யார் செய்த வேலை இது?"

"நான்தான்," என்றது ஒரு குரல்.

மேசை விளிம்பில் கரித்துண்டின் மிச்சப் பாதி கிடந்தது. ஒடிந்த இடம் இன்னும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"உனக்கு அளவு என்று ஒன்று தெரியுமா?" என்றார் கவராயர்.

"தெரியாது."

"தெரியாமல் எப்படிப் போனாய்?"

"அவர் கை போன பக்கம் போனேன். தோள்கிட்ட வந்தப்போ அவர் கை கனத்துப்போச்சு. நானும் அழுந்தினேன். முகத்துக்கிட்ட வந்தப்போ தொடவே பயந்தார். நானும் தொட்டும் தொடாமலும் ஓடிட்டேன். அந்தக் கைக்கு வந்தப்போ..." கரித்துண்டு கொஞ்சம் நிறுத்தியது. "அங்கதான் ஒடிஞ்சேன். ஏன்னு கேட்காதீங்க. எனக்குத் தெரியாது."

"தெரியாது, தெரியாது! எல்லாமே தெரியாது! ஒரு பெண்ணைப் பார்த்து வரையச் சொன்னால் பூதத்தை வரைந்து வைத்திருக்கிறாய். அந்த அம்மா எழுந்து வந்து பார்த்தால் என்ன நினைப்பாள்? ஏற்கெனவே நொந்துபோய் வந்திருக்கிறாள். என் கை இவ்வளவு அசிங்கமா என்று அழமாட்டாளா?"

கவராயர் கோபத்தில் மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் தோளை இரண்டு வருடம் வாராவாரம் நிமிர்த்திக் கொடுத்தவர் அவர். அவள் மனம் புண்படக் கூடாது என்று உண்மையாகவே பதறினார்.

"ரப்பர்," என்றார். "அவள் கண் விழிப்பதற்குள் அந்தக் கையை அழித்துவிடு. ஒரு முகத்துக்குக் குறைத்துவிடு."

ரப்பர் தயங்கிக்கொண்டே போய்க் கட்டைவிரலின் ஓரத்தில் உடம்பைத் தேய்த்தது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. கோடு போகவில்லை. கரி பரவியது. மெல்லிய கோடாக இருந்த இடம் தடித்த நிழலாக மாறியது. கட்டைவிரல் இன்னும் பெரிதாயிற்று.

"ஐயா, அழிக்க அழிக்க வளருதுங்க!" என்று ரப்பர் அலறியது. அதன் வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

"நிறுத்துங்கள்," என்றது அப்போது இன்னொரு குரல்.

எல்லாரும் சுற்றும்முற்றும் பார்த்தார்கள். பேசியது தாள். தாள்கள் பேசி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. வந்தவர்கள் வரைவார்கள், அழிப்பார்கள், கசக்குவார்கள். தாள் வாயைத் திறக்காது.

"மேலே தேய்த்து என்ன பயன்?" என்றது தாள். "அந்தக் கை மேலே இல்லை. அழுத்தின அழுத்தில் எனக்குள்ளே இறங்கி மறுபக்கம்வரை போயிருக்கிறது. மற்ற படங்கள் என்மேல் உட்கார்ந்திருக்கும். இது எனக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தோள் எவ்வளவு கனம் தெரியுமா? நான் தாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் என்மேல் உட்கார்ந்திருக்கும் கனம் அது. இதற்கு முன் நீங்கள் அளந்து இறக்கிய எத்தனை பேர் வந்தார்கள்! யாருக்கும் கனமே இருந்ததில்லை."

"கனத்தை வைத்து என்ன செய்வது? உருவம் தப்பு!" என்றார் கவராயர்.

"நீங்கள் முகத்தைப் பார்த்து, கையைப் பார்த்து, தனித்தனியாக அளக்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று, மொத்தமாக ஒரு தடவை பாருங்களேன். அவள் எங்கே பார்க்கிறாள்?"

"கண்ணே இல்லாதவள் எங்கே பார்ப்பாள்?"

"அதைத்தான் சொல்கிறேன். கண் இல்லாமலே அவள் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறாள். தோள் அங்கேதான் சரிகிறது, கழுத்து அங்கேதான் தொங்குகிறது. இந்தத் தாளில் இருக்கிற எல்லாக் கோடும் அந்தக் கையில்தான் போய் விழுகிறது."

கவராயர் பார்க்கவில்லை. பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம். பார்த்து அது உண்மையாக இருந்துவிட்டால், நாற்பது வருடம் என்ன ஆவது?

"அழிக்க முடியாவிட்டால் கிழிக்கிறேன்," என்றார். "கிழிந்த தாளை மாஸ்டர் குப்பையில் போட்டுவிடுவார். அடுத்த வாரம் ஒழுங்காக வரைந்துகொள்ளலாம்."

யாரும் தடுப்பதற்குள் அவர் கால்களை அகல விரித்தார். ஊசி முனையைத் தூக்கி, அந்தப் பெரிய கையின் மணிக்கட்டில் ஓங்கிக் குத்தினார். முனை தாளைத் துளைத்துப் பலகைவரை இறங்கியது.

அந்தச் சின்னச் சத்தத்தில் நாகரத்தினம் கண் விழித்தாள்.

அவள் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, பலகைக்கு எதிரே வந்து நின்றாள். கவராயர் குத்திய நிலையிலேயே உறைந்து நின்றார். அவள் அழப்போகிறாள் என்று காத்திருந்தார்.

அவள் அழவில்லை. கண்கள் முகத்துக்குப் போகவில்லை, தோளுக்குப் போகவில்லை. நேராகக் கையில் போய் நின்றன. பிறகு மெதுவாக இரண்டு விரல்களால் கவராயரைப் பிடித்தாள். முள்ளைப் பிடுங்குவதுபோலப் பதமாக, நேராக, ஆட்டாமல் வெளியே எடுத்தாள். அவரை மேசைமேல் வைத்துவிட்டு, துளை விழுந்த இடத்தைப் பெருவிரலால் நீவினாள். குனிந்து அதில் ஊதினாள்.

"வலிக்குதாடி?" என்றாள்.

அவள் கேட்டது கவராயரை இல்லை. படத்தில் இருக்கும் பெண்ணையும் இல்லை. அந்தக் கையைக் கேட்டாள்.

இரண்டு டீ டம்ளர்களோடு மாஸ்டர் படியேறி வந்தார். நாகரத்தினம் படத்தின் முன் நிற்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா, அது ஏதோ கை போன போக்குல... தப்பா எடுத்துக்காத. வேற வரைஞ்சிடறேன்."

"சார்," என்றாள் அவள், திரும்பாமல். "இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எது?"

"இது என் கை இல்ல சார். செங்கமலத்தோட கை."

மாஸ்டர் டம்ளர்களை மேசையில் வைத்தார். டீ சிந்தியது.

"செவுரு விழுந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். ஒரே ஊருக்காரி சார் அவ. அவளக் காணோம். கை மட்டும்தான் கல்லுக்கு வெளிய இருந்துச்சு. ஓடிப்போயி புடிச்சேன். அதுவும் என்னப் புடிச்சுது சார். இறுக்கமாப் புடிச்சுது. ஆளுங்க கல்ல எடுக்கறவரைக்கும் புடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். வேற ஒண்ணுமே எனக்குக் கண்ணுல தெரியல. அந்தக் கைதான். இவ்ளோ பெருசாத்தான் சார் இருந்துச்சு." அவள் தன் இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். "பொறவு அது புடிக்கறத விட்டுடுச்சு."

வெளியே தூரத்தில் தேர் மேளம் கேட்டது.

"எனக்கு எதுவும் தெரியாதும்மா," என்றார் மாஸ்டர். "சத்தியமாத் தெரியாது. நீ உன் கையை நீயே புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்த. வேற யாரோட கையையோ புடிச்சிருக்கற மாதிரி இருந்துச்சு. நான் பாத்தது அவ்வளவுதான்."

நாகரத்தினம் தரையில் உட்கார்ந்தாள். இப்போதுதான் அழுதாள். அழுது முடித்த பிறகு, இன்னும் மெதுவான குரலில் சொன்னாள்: "அவ தானா அந்தச் செவுத்துக்கிட்ட போயி நின்னான்னு சொல்லச் சொன்னாரு மேஸ்திரி. போலீஸ்ல நான் அப்பிடியேதான் சொன்னேன் சார். நான்தான் சொன்னேன்."

மேசைமேல் கிடந்த கவராயர் தன் ஊசி முனையைப் பார்த்தார். அதில் ஒரு பொட்டுக் கரி ஒட்டியிருந்தது. துடைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தலையைத் திருப்பி முதல்முறையாகப் படத்தை மொத்தமாகப் பார்த்தார். தோள் சரிந்தது அந்தக் கைக்காக. கழுத்து நீண்டது அதை நோக்கி. முகத்தில் கண்ணும் வாயும் இல்லாமல் போனது, அவளிடம் அந்த நேரத்தில் அவை இல்லாமல் போனதால். கால் தாளில் கரைந்தது, தரையில் இருப்பதே அவளுக்குத் தெரியாததால். அவர் ஒவ்வொன்றாகத் தப்பு என்று எண்ணிய அத்தனையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஒரு கோட்டை நகர்த்தினாலும் அந்தப் பெண் அங்கிருந்து எழுந்து போய்விடுவாள் என்று அவருக்குத் தோன்றியது.

மூன்று வாரம் கழித்து, ஊர் நூலகக் கூடத்தில் மாஸ்டரின் ஆண்டுக் கண்காட்சி நடந்தது. பதினோரு படங்கள். பத்து, பழைய வழக்கப்படி அளந்து வரைந்தவை. பதினோராவதாகக் கடைசிச் சுவரில் தனியாக இந்தக் கரிப்படம். இதை வைக்கவா வேண்டாமா என்று மாஸ்டர் நாகரத்தினத்தைக் கேட்டிருந்தார். "வைங்க சார்," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

திறந்துவைக்க வந்தவர் பொறியாளர் கோதண்டபாணி. அந்த ஊரில் பெரிதாக எழும்பும் எந்தக் கட்டடத்துக்கும் அவர்தான் வரைபடம் போடுவார். அந்தத் திருமண மண்டபத்துக்கும் அவர்தான். நல்ல மனிதர், யாரையும் அதிர்ந்து பேசமாட்டார். பத்துப் படங்களையும் நின்று பார்த்துப் பாராட்டினார். மாஸ்டர் கூடவே வந்தார். பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் கவராயரைச் செருகியிருந்தார்.

கடைசிச் சுவருக்கு வந்ததும் பொறியாளர் சிரித்துவிட்டார். "என்ன மாஸ்டர், இதுல அளவு தப்பிப்போச்சே! கை மூஞ்சியைவிடப் பெரிசா இருக்கு?" கூட வந்தவர்களும் சிரித்தார்கள். மாடர்ன் ஆர்ட் என்றால் அப்படித்தான் என்று ஒருவர் விளக்கம் சொன்னார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கூடத்தின் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார்கள். காலெல்லாம் சிமெண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கடைசிச் சுவருக்கு வந்தார்கள். நாகரத்தினம் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். படம் இருக்கிறது, வாங்க என்று கூப்பிட்டதைத் தவிர அவர்களிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவர்கள் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"தோளப் பாரு, நம்ம நாகரத்தினம்தான்," என்றாள் ஒருத்தி.

"ஆமா. ஆனா யாரையோ புடிச்சிக்கிட்டில்ல உக்காந்திருக்கா?" என்றாள் இன்னொருத்தி. அவள் திரும்பினாள். "யாரடி புடிச்சிக்கிட்டிருக்க?"

கூடத்தில் எல்லாரும் நாகரத்தினத்தைப் பார்த்தார்கள்.

"செங்கமலத்த," என்றாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்: "அவ தானாப் போயி அங்க நிக்கல. செவுத்துல வெடிப்பு இருக்குன்னு அன்னைக்குக் காலையிலயே ரெண்டு பேரும் மேஸ்திரிகிட்ட சொன்னோம். போயி வேலையப் பாருன்னு அவருதான் அனுப்புனாரு. நான் போலீஸ்ல மாத்திச் சொல்லிட்டேன். இப்போ போயி நெசத்தச் சொல்லப்போறேன்."

யாரோ கீழே போட்ட கண்ணாடி டம்ளர் உடைந்தது. பொறியாளர் அந்தப் பெண்களைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் பெண்களைப் பார்த்தார். அவரைக் கேட்காமலே அவர் வாய் பேசியது:

"இல்லம்மா... செவுரோட அளவு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நானே செக் பண்ணேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நாகரத்தினத்தை நடுவில் விட்டுப் போலீஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். மாஸ்டரும் அவர்களோடு நடந்தார்.

அவருடைய சட்டைப் பையில் கவராயர் இரண்டு கால்களையும் இறுக்கி மூடிக்கொண்டார். அளவு சரியாக இருந்ததற்காக அவர் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.